மரத்துப்போன பக்கம்

என் கணவர் டைல்ஸ் ஒட்டுபவர். ஒட்டி முடித்த தரையை மறுநாள் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். அடியில் கலவை சேராத இடம் காலியாகச் சத்தம் கொடுக்கும். அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டுவார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்தப் புத்தி போகவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, கட்டுக்கு மேலே வலது நெஞ்சைத் தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கேளு, காலியா கேக்குது. பாதி நுரையீரலை எடுத்துட்டாங்க. கட்டி ஒழிஞ்சுது."

நான் "ம்" என்றேன். அவர்கள் எதையும் எடுக்கவில்லை. திறந்து பார்த்தபோது கட்டி நெஞ்சுச் சுவர் முழுக்கப் பரவியிருந்ததாம், அப்படியே தைத்து மூடிவிட்டார்களாம். ஆபரேஷன் அறை வாசலில் பெரிய டாக்டர் சொன்னதும், "அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

கண் விழித்ததும் முனகுவார், அப்போது மெல்லச் சொல்லலாம் என்றிருந்தேன். அவரோ சிரித்தார். முதுகெலும்பை ஒட்டி ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். அதில் இறங்கும் மருந்து வலப்பக்க விலா நரம்புகளை மட்டும் மரத்துப்போக வைக்கும். மயக்க டாக்டரம்மா ஐஸ் கட்டியை வைத்து, "குளிருதா?" என்று கேட்டால், "எதை வெச்சீங்க?" என்பார். சளி கட்டக் கூடாது என்று அவர்கள் சொன்னபடியே தலையணையை அணைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் இருமினார்.

பக்கத்துக் கட்டில்காரரிடம், "இந்தக் குழாயைக் கல்யாணத்தன்னைக்கே வெச்சிருந்தா, இத்தனை வருஷம் இவ பேச்சும் வலிச்சிருக்காது" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. மதியத்துக்குள் மேஸ்திரிக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் ஒரு மாடி வீட்டு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டார்.

அன்று மாலை டாக்டரம்மா, நாளைக் காலை குழாயை எடுத்துவிடலாம் என்றார். நான் வராந்தாவில் ஓடிப்போய் மறித்தேன்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே டாக்டர்."

"ரொம்ப நாள் வெச்சா கிருமி சேரும்மா. மாத்திரை தரோம், தாங்கிடுவார்."

"அவருக்கு இன்னும் நான் எதுவும் சொல்லல."

"என் மருந்து விலாவுக்கு மட்டும்தான்மா" என்றார் டாக்டரம்மா.

நாளைக்கு வலி வந்தபிறகு சொன்னால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலாகும். இன்றைக்கே சொல்லிவிட வேண்டியதுதான். திரும்பிப் போய்த் திரையை இழுத்துவிட்டு, கட்டிலின் வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கட்டுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"உங்க நெஞ்சுல இருந்து எதையும் எடுக்கலைங்க. எடுக்க முடியாத அளவுக்குப் பரவிடுச்சாம். மூடிட்டாங்க."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள். கோபித்துக்கொள்வார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"கை வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"ம்."

"எனக்குத் தெரியலடி. இந்தப் பக்கம் வா."

எழுந்து கட்டிலைச் சுற்றிப் போய் இடது பக்கம் உட்கார்ந்தேன். என் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடியில் இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இப்போ சொல்லு" என்றார். "முதல்ல இருந்து சொல்லு."

அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.