இரவல் நெஞ்சு

...இல்லை, இப்படி இருக்க முடியாது, கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று அலமு இரண்டு எக்ஸ்ரே படங்களையும் கை மாற்றி மறுபடியும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இடது பக்கம், மேலிருந்து எண்ணினால் ஏழாவது விலா எலும்பு, எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடிய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு, மற்றப் படத்திலும் அதே எலும்பு, அதே முடிச்சு... ஒன்றின் மூலையில் சூசைராஜ் என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் கொமுரய்யா. இரண்டு பேர், ஒரே நெஞ்சு. பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? தெரியாமலே இருந்திருக்கலாமே என்று நினைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சாம்பசிவத்தின் செருப்புச் சத்தம். அறக்கட்டளையின் செயலாளர், எதற்கும் குரலை உயர்த்தாதவர், அதனாலேயே அவரிடம் அவளுக்குப் பயம். "ஆச்சா அலமு? நாலு மணிக்கு நாச்சாரம் ஃபாக்டரி ஆள் வரான். ஏழு பேருக்கும் சரின்னு எழுதி வச்சுடுங்கோ, கீழே டாக்டர் கையெழுத்துப் போட்டுடுவார்." ஒருத்தருக்கு மட்டும் இன்னொரு படம் எடுக்கலாமா சார் என்று அவள் கேட்டது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழு பேரையும் சேர்த்து வேலைக்கு எடுத்துக்கறதாப் பேச்சு. ஒருத்தன் ஆகாதுன்னு நாமே சொன்னா, மத்தவா மட்டும் எதுக்கும்பான். பம்பாய்லேர்ந்து உதவி பண்றவாளுக்கு அப்புறம் நான் என்ன பதில் எழுதறது?" அவள் தலையை ஆட்டினாள். ஏன் ஆட்டினாள்? தெரியவில்லை, அவர் போனதும் இரண்டு படங்களையும் உறைக்குள் போட்டு, பைக்குள் திணித்து, மணி பன்னிரண்டரை, படியிறங்கிவிட்டாள்.

மாரெட்பள்ளியில் பள்ளிக்கூடம் சாப்பாட்டுக்கு விட்டிருந்தது, ஸ்கூட்டர்களுக்கு நடுவே புகுந்து பஸ் பிடித்து உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், ஏதோ திருடிக்கொண்டு போகிறவள் மாதிரி... வீட்டுக்காரர் நாராயணஸ்வாமியிடம் சொன்னால் என்ன சொல்வார்? பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் இருபது வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தே பதவி உயர்வு வாங்கிய மனுஷர், நீ நர்ஸ்தானே, டாக்டர் இல்லையே, எதையாவது பார்த்தேன்னு எங்கேயும் சொல்லி வைக்காதே என்பார். சரிதான், யார் அவளைப் பார்க்கச் சொன்னது? வடக்கே கோதாவரிக் கரையில் அந்த நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் ஏறி அதை மூடியபோது நிரந்தர வேலைக்காரர்களை வேறு சுரங்கங்களுக்கு மாற்றினார்கள், ஒப்பந்தத்தில் கரி அள்ளியவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அவர்களுக்காகத்தான் செகந்திராபாத்தின் பழைய தமிழ்க் குடும்பம் ஒன்று இந்த அறக்கட்டளையைத் தொடங்கி, மல்லாபூரில் ஒரு கொட்டகை போட்டு, வெல்டிங்கும் வார்ப்பு வேலையும் சொல்லிக் கொடுத்தது. நல்ல காரியம். நல்ல காரியம்தானே? முதல் தடவை அந்தச் சுரங்கக் காலனிக்குப் போனபோது பெண்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை, கொமுரய்யாவின் மனைவி மட்டும் பக்கத்தில் வந்து, எங்கள் வீட்டுக்காரர் ராத்திரியில் இருமுவதே இல்லை அம்மா என்றாள். இருமலைப் பற்றி யார் கேட்டார்கள் அப்போது? அன்றைக்கே மூளையில் உறைத்திருக்க வேண்டாமா...

தார்நாகா தாண்டியதும் வெயில் இவள் பக்கம் வந்துவிட்டது, எழுந்து இடம் மாறத் தோன்றவில்லை. மல்லய்யா. வேண்டாம், மல்லய்யாவை நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் அவன்தான் வந்தான், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் அந்த முகம். போன வருஷம் இதே நாச்சாரம் வார்ப்பட ஆலைக்கு முதலில் போன நாலு பேரில் ஒருவன், மணல் அச்சுத் தட்டும் வேலை, நாள் முழுக்க மாவு மாதிரி மணல் தூசு, எட்டாவது மாதம் செத்துப்போனான். அவன் படம் ஆலைக்குப் பட்டியல் கொடுக்க வேண்டிய கடைசி நாள் சாயங்காலம்தான் வந்தது, பழுப்பு உறைக்குள் சுருட்டி. வாசலில் ஆலைக்காரன் நின்றுகொண்டிருந்தான், அவள் உறையைப் பிரிக்காமலே சரி என்று எழுதினாள். இரண்டே எழுத்து. இது யாருக்கும் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத் தெரியாது. அந்த உறை இன்னும் பீரோவில் கீழ்த்தட்டில் இருக்கிறது, அவள் இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை. நல்ல படமாகக்கூட இருக்கலாம். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள், இருக்கலாமே, மனிதன் சாக நுரையீரல் ஒன்றுதானா காரணம்?... ஹப்சிகுடா, நாச்சாரம், கண்டக்டர் கத்தினான், ஆலைப் புகைபோக்கிகள் ஜன்னலில் ஒவ்வொன்றாக வந்து போயின, எது அந்த ஆலை என்று பார்க்காமல் இருக்கக் குனிந்து புடவை மடிப்பைச் சரி செய்தாள்.

மல்லாபூர்க் கொட்டகையில் சூசைராஜ் அவளைப் பார்த்ததும் வெல்டிங் முகமூடியைத் தூக்கினான், அவள் பையிலிருந்து உறையை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. அவன் அப்பா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கரி அள்ள வந்தவர், அதனால் அவளிடம் தமிழில் பேசுவான், தமிழில் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை போலிருக்கிறது. "ஹவ், ஆமா மேடம், ரெண்டும் என் நெஞ்சுதான்," என்றான். "அவன் பேரைச் சொல்லி நானே இன்னொரு தபா போய் நின்னேன். எக்ஸ்ரேக்காரன் மூஞ்சியா பாக்கறான்?" ஏன் இப்படிச் செய்தாய் என்று அவள் கேட்டாள், அடிக்குரலில், மற்ற ஐந்து பேரும் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள், தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்துவிட்டது. "கீழ சுரங்கத்துல கூரை சரிஞ்சப்போ என்னைக் காலைப் புடிச்சு வெளிய இழுத்தவன் மேடம் அவன். இந்த விலா அன்னிக்கு ஒடிஞ்சதுதான். அவன் வந்து கேட்டா, எப்டி நக்கோன்னு சொல்லுவேன்?" பிறகு, "ஏழு பேருக்கும் வேலை பூடுமா மேடம்?" என்றான். அவள் உறையைப் பைக்குள் திரும்பத் திணித்து, கொமுரய்யா எங்கே என்று கேட்டாள். இந்த ஏழு வீடுகளின் அடுப்பும் என் பையிலா இருக்கிறது, யார் கொடுத்தார்கள் எனக்கு இதை...

கொமுரய்யா கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தான், நாற்பது வயதுக்காரன், தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. என்னோடு வாருங்கள், ஒரே ஒரு படம், அரை மணி நேரம் என்று தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னாள். "ஒத்தம்மா," என்றான், வேண்டாம் அம்மா, தலையை நிமிர்த்தாமல். மணல் தூசைப் பற்றிச் சொன்னாள், மல்லய்யா பெயரைச் சொல்லாமல் மல்லய்யாவைப் பற்றிச் சொன்னாள், நெஞ்சில் ஏதாவது இருந்தால் தூசு இல்லாத வேலை நானே தேடித் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பகீர் என்றது. எங்கே இருக்கிறது அப்படி ஒரு வேலை? யாரைக் கேட்டுச் சொன்னாள்? அவன் எழுந்து முகம் கழுவி, கொடியிலிருந்து வெளுத்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான், கல்யாணத்துக்குப் புறப்படுகிறவன் மாதிரி கழுத்துப் பித்தானைக்கூடப் போட்டான். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

கிளாக் டவர் பக்கத்தில் எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் மணி இரண்டே முக்கால். பஸ்ஸில் அவன் நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்து வந்தான், கோபம் என்று நினைத்தாள், கோபப்படட்டும், வேலையைப் பிடுங்க வந்தவள்மேல் வேறு என்ன வரும்? இப்போது ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்குச் சாம்பசிவம் மேஜைமேல் தாளைத் தேடுவார், ஆறு பேருக்குச் சரி என்று எழுதினால் ஆறு பேரை எடுப்பானா, ஒருவேளை எடுப்பான், ஒருவேளை ஏழு பேரும் திரும்ப அந்தத் தண்ணீர் நின்ற சுரங்கத்து வாசலுக்கே... அப்போதுதான் பெஞ்சு ஆடுவதைக் கவனித்தாள். மெல்ல, விடாமல். தெருவில் லாரி ஏதும் இல்லை. கொமுரய்யாவின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தான், அப்படியும் நிற்கவில்லை. வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள் என்றாள். அவன் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தான். வேலைக்காக இல்லை அம்மா என்று தெலுங்கில் மெதுவாகச் சொன்னான், "என் தம்பிக்குப் படம் எடுத்தாங்க. எடுக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்."

படம் எடுப்பதால் வியாதி வராது, ஏற்கெனவே இருப்பதைத்தான் காட்டும், எத்தனை நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறாள் இதை, மனப்பாடம்... வேலைக்காக ஏமாற்றினான் என்றல்லவா காலையிலிருந்து நினைத்திருந்தாள், இவன் ஆலையை ஏமாற்றவில்லை, அவளையும் இல்லை, பார்க்காமல் இருந்தால் இல்லாமல் இருக்கும் என்று... இது அவளுக்குப் புதிதா என்ன? உள்ளேயிருந்து, "கொமுரய்யா!" என்று கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போக வேண்டியவள் அவள்தான், அதற்காகத்தானே வந்தாள். மறுபடியும் கூப்பிட்டார்கள், கொஞ்சம் எரிச்சலாக. அலமு கதவைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், பெஞ்சு இன்னும் ஆடியது, அவன் கைகள் முழங்காலைவிட்டு எப்போதோ விலகிவிட்டிருந்தன, அவன் கால் அசையாமல் தரையில் இருந்தது.