‘ஆளும் வகைகள்’ முதல் பதிப்பு

சுலோசனாவின் முதல் புத்தகமான ‘ஆளும் வகைகள்’ முந்நூறு பிரதிகள் அச்சாயின. எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை, ஒரே தாள், இருநூற்று இருபத்து நான்கு பக்கங்கள். ஆனால் எந்த வீட்டில் வைக்கப்பட்டதோ, அந்த வீட்டில் நடக்கும் ஆட்சி எதுவோ, அதை ஒவ்வொரு பிரதியும் ஒரு வாரத்துக்குள் தன் பக்கங்களில் எழுதிக்கொண்டது. மதுரைக்குப் போன நாற்பது பிரதிகளும் திருச்சிக்குப் போன இருபத்தைந்தும் அப்படியே செய்தன. இருந்தாலும் விஷயம் முதலில் வெளியே வந்தது கல்கத்தாவில், பவானிபூரில் உள்ள ஒரு தென்னிந்திய மளிகைக் கடையில்.

சுலோசனாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பவானிபூரில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக அரசியல் அறிவியல் நடத்தி வந்தாள். மாணவர்களுக்கு அவள் சுலோசனா தீதி, அதாவது அக்கா. கணவர் சிவலிங்கம் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, யார்டு மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ஒரே மகள் தமிழரசி. அவள் சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறாள் என்பது சுலோசனாவுக்குத் தெரிந்த செய்தி. மூவரும் சால்ட் லேக்கிலேயே ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். புத்தகத்தை எழுத ஒன்பது வருஷம் பிடித்தது. இங்கிலீஷில் இப்படிப்பட்ட நூல்கள் மலிந்து கிடக்கின்றன, வங்காளத்திலோ டீக்கடையில் நிற்பவர்கள்கூட ஆளுக்கொன்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், தமிழில் நிதானமாக ஒன்று இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள். அந்த நேரத்தில் டிவி ஓடாது. சமையல் ஐந்தே முக்காலுக்குள் முடிந்திருக்கும். சிவலிங்கம் போன் வந்தால் பால்கனிக்குப் போய்ப் பேசுவார். யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தியதாக அவளுக்கு நினைவில்லை; யாரும் குறை சொன்னதும் இல்லை.

நூலில் எட்டு அத்தியாயங்கள். முடியாட்சியில் தொடங்கி, மதகுருக்களின் ஆட்சி, ராணுவ ஆட்சி என்று வரிசையாகப் போய், எட்டாவதில் மக்களாட்சிக்கு வந்து சேர்ந்து, இருப்பவற்றில் இதுவே மேல் என்று முடியும். அந்த எட்டாவதை மட்டும் அவள் ஏழு முறை திருத்தினாள். சென்னையில் இரண்டு அறைகளில் பதிப்பகம் நடத்தும் ஜெய்ராம் அதைப் போட ஒப்புக்கொண்டார். ஜனவரி கடைசியில் பிரதிகள் ஹவுராவுக்குப் பார்சலில் வந்து சேர்ந்தன. அவற்றில் பன்னிரண்டை வாங்கி, பவானிபூர் மளிகைக்காரர் மஹாதேவன் தன் கடையில் காப்பிப்பொடி டப்பாக்களுக்கும் அப்பளக் கட்டுகளுக்கும் நடுவே அடுக்கி வைத்தார். எட்டாம் நாள் அவர் போன் செய்தார்.

“மேடம், எங்க கடையைப் பத்தி எழுதினதுக்கு ரொம்ப சந்தோஷம். அண்ணன் தம்பி மூணு பேர் நாள் மாத்தி நாள் கல்லாவுல உக்கார்றது நல்ல ஏற்பாடுன்னு நூத்தி நாப்பதாம் பக்கத்துல இருக்கு. ஆனா செவ்வாக்கிழமை ஆட்சி மட்டும் மெத்தனம்னு போட்டுட்டீங்க. அது என் சின்னத் தம்பி. காலையிலேர்ந்து சாப்பிடலை.”

தான் அப்படி எதுவும் எழுதவில்லை என்று சுலோசனா சொன்னாள். மஹாதேவன் அந்தப் பக்கத்தைப் போனிலேயே வாசித்துக் காட்டினார். நடை அவளுடையதுதான். ‘எனினும்’ என்று தொடங்கும் வாக்கியங்கள்கூட அவளுடையவைதான். போனை வைத்தபின் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து பார்த்தாள். நூற்று நாற்பதாம் பக்கத்தில் ராணுவ ஆட்சி இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, தெற்குக் கல்கத்தாவின் தமிழ் மன்றம் ஒன்றில் அறிமுக விழா நடந்தது. ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கலாம் என்று ஏற்பாடு. முதலில் எழுந்த மன்றத் தலைவர், ஆட்சியாளர் மருமகளாக இருந்தாலும் முத்திரை மாமியாரிடமே இருப்பது இவ்வகையின் சிறப்பு என்று பாதி வாசித்து, மனைவியைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்து வந்த ரயில்வே ஊழியர் கூட்டணி ஆட்சியைப் பற்றி வாசித்தார். வாசிக்க வாசிக்க ஐந்தாம் அத்தியாயம் ஆதரவை விலக்கிக்கொண்டு ஆறாம் அத்தியாயத்தோடு சேர்ந்தது. தனியாக வசிக்கும் வங்கி அதிகாரி லதாவின் பிரதியில் எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தது. கடைசியில் மட்டும் ‘இங்கே புகார் எதுவும் பதிவாகவில்லை’ என்று ஒரு வரி. ஒருவர் வாசித்ததை மற்றவர் தன் பிரதியில் தேடிக் காணாமல், நீங்கள் வேறு புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். ஏற்புரைக்கு அழைக்கப்பட்ட சுலோசனா மைக்கின் முன் நின்று, எல்லாருக்கும் நன்றி, எதற்கு நன்றி சொல்கிறேன் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மார்ச் மாதம் ஜெய்ராமுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. மதுரை வாசகர் ஒருவர், மன்னர் ஆட்சியை இவ்வளவு துணிச்சலாக ஆதரித்த பெண்மணிக்கு வணக்கம் தெரிவித்திருந்தார். திருச்சியில் நான்கு மாணவர்கள் தங்கியிருந்த அறையிலிருந்து, அரசே தேவையில்லை என்ற அவளுடைய முடிவைத் தாங்கள் ஏற்கெனவே நடைமுறைப்படுத்திவிட்டதாகவும், அதனால் மூன்று வாரமாக யாரும் பாத்திரம் கழுவவில்லை என்றும் கடிதம் வந்தது. மதிப்புரையாளர் ஒருவர் வீட்டில் பாதியும் அலுவலகத்தில் பாதியும் படித்துவிட்டு, நூலாசிரியருக்குத் தாம் என்ன நினைக்கிறோம் என்பதே தெரியவில்லை என்று எழுதினார். ஜெய்ராம் பொறுமையான மனிதர். அவரே ஒரு நாள் போனில், “மேடம், எனக்கு மட்டும் சொல்லுங்க. நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“எனக்கே இப்ப குழப்பமா இருக்கு ஜெய்ராம்” என்றாள் சுலோசனா.

அது உண்மை. வகுப்பில் ஒரு மாணவன், இவற்றில் எது சிறந்தது தீதி என்று கேட்டபோது, மணி அடிக்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷம் ஒரு விஷயத்தை நினைத்து, எழுதி, திருத்தி, அதை நூற்றுக்கணக்கான வீடுகள் வெவ்வேறு விதமாகத் திருப்பிச் சொல்லும்போது, தான் நினைத்தது எது என்று பிரித்தெடுக்க அவளால் முடியவில்லை.

அவள் திறக்காத பிரதி ஒன்று உண்டு. அச்சுப் பிழை கண்ணில் படுமே என்ற பயத்தில், தனக்கென்று வைத்துக்கொண்டதைப் பார்சல் காகிதம்கூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தாள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை சிவலிங்கம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார், தமிழரசி ஷிப்டுக்கு. சுலோசனா காகிதத்தைப் பிரித்தாள்.

மக்களாட்சி அந்தப் பிரதியில் எங்கும் இல்லை. முதல் அத்தியாயத்திலிருந்து எட்டாவது வரை ஒரே ஆட்சிதான் விவரிக்கப்பட்டிருந்தது. ‘இவ்வகையில் ஆள்பவர், தாம் ஆள்வதை அறியார். குடிமக்கள் இருவர். முக்கியமான எல்லாவற்றிலும் அவர்களுடைய கருத்துக் கேட்கப்படும்; கேட்கப்படும் முன்பே முடிவு அடுப்பில் ஏறியிருக்கும். எனினும் ஆள்பவர் அன்பானவர் என்பதால் கிளர்ச்சி எழுவதில்லை. மாறாக, பால்கனியில் நிழல் அரசு ஒன்று பல வருஷங்களாக இயங்கி வருகிறது. அதன் பணிகளுக்கு 211ஆம் பக்கம் காண்க.’ அவள் 211ஆம் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஓர் அட்டவணை மட்டும் இருந்தது. அன்றைய தேதி, சாந்த்ராகாச்சி யார்டு, சரக்கு வண்டி, எஞ்சின் எண், புறப்படும் நேரம் பகல் ஒன்று நாற்பது. துணை ஓட்டுநர்: சி. தமிழரசி.

சிவலிங்கம் கீரைக்கட்டோடு உள்ளே வந்தபோது புத்தகம் மேஜை மேல் விரிந்து கிடந்தது.

“ஏங்க, தமிழ் எங்க?”

“ஆபீஸ் போயிருக்கா.”

“எந்த ஆபீஸ்?”

அவர் பையைக் கீழே வைத்தார். புத்தகத்தைப் பார்த்தார். “அதுல போட்டிருக்கா?” என்று கேட்டார்.

“போட்டிருக்கு.”

“எதுவரைக்கும்?”

“எஞ்சின் நம்பர் வரைக்கும்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரயில்வே பரீட்சை எழுதித் தேறி ஒன்றரை வருஷம் ஆகிறது என்றார். கரக்பூரில் கம்பெனி வேலை என்று சொல்லிப் போனது பயிற்சிக்குத்தான். அவளுடைய நீலச் சட்டையில் எண்ணெய்க் கறை பட்டால் அவரே துவைத்து, பால்கனியில் தம்முடைய வேட்டிக்குப் பின்னால் காயப்போட்டு, இஸ்திரி போட்டு மடித்து வைப்பார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின்தான் சுலோசனா கேட்டாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டோம், சுலோ. ரெண்டு வருஷம் முன்னாடி, இதே மேஜையில. நீ ‘யோசிப்போம்’னு சொன்ன.”

“வேண்டாம்னு சொல்லலையே நான்.”

“இந்த வீட்ல யோசிப்போம்னா வேண்டாம்னு அர்த்தம்” என்றார் சிவலிங்கம். குரலில் கோபமே இல்லை. “அது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது.”

சுலோசனா புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். திட்டுவதற்குப் போகிறோமா, பார்ப்பதற்குப் போகிறோமா என்று பஸ் மாறும் இடத்தில் யோசித்துப் பார்த்தாள். ஒன்றே காலுக்குச் சாந்த்ராகாச்சி நடைமேம்பாலத்தில், தண்டவாளங்களைப் பார்த்தபடி நின்றாள். மூட்டை முடிச்சுகளோடு போவோர் வருவோர் இடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு முறை அந்த அட்டவணையைப் பார்க்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தாள். அட்டவணை இல்லை. அந்தப் பாலம் யாருடைய வீடும் இல்லை, கூரைகூட இல்லாத வெட்டவெளி என்பதால், புத்தகம் அவள் எழுதியபடியே இருந்தது. எட்டாம் அத்தியாயத்தை நின்றுகொண்டே வாசித்தாள். ஏழு முறை திருத்திய வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன, ஒரு பிழையும் இல்லாமல். ஆனால் அந்த முப்பத்தோரு பக்கங்களிலும் ஓர் ஆள்கூட இல்லை. சமைப்பவர் இல்லை, பயப்படுபவர் இல்லை, பால்கனிக்குப் போய்ப் பேசுபவர் இல்லை. மஹாதேவனின் செவ்வாய்க்கிழமைத் தம்பி இதைவிட மேல் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைச் சங்கடப்படுத்தியது.

ஒன்று நாற்பதுக்குச் சரக்கு வண்டி நகர்ந்தது. எஞ்சினின் இடது ஜன்னலில் நீலச் சட்டையும் இறுக்கிப் பின்னிய தலையுமாகத் தமிழரசி இருந்தாள். முன்னால் விழுந்த சிக்னலைப் பார்த்து அதன் நிறத்தை அவள் சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் இருந்த வயதான ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொன்னார். எஞ்சின் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் பாலத்துக்கு மேலே கேட்டது. இருபத்தேழு வருஷத்தில் அந்தக் குரலைச் சுலோசனா தன் வீட்டில் கேட்டதில்லை. ஐம்பத்தெட்டு வேகன்களும் காலுக்குக் கீழே போய் முடியும்வரை அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை தமிழரசி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, “உன்னை சாந்த்ராகாச்சியில பாத்தேன்” என்றாள் சுலோசனா.

தமிழரசி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். “கோபமா இருக்கியாம்மா?”

“தெரியலை.”

“நிஜமாவே தெரியலையா, இல்ல யோசிக்கிறியா?”

“நிஜமாவே தெரியலை” என்றாள் சுலோசனா. அந்த வீட்டில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தமிழரசி சிரித்துவிட்டு, பசிக்கிறது என்றாள். சட்டையை அன்று வேட்டிக்கு முன்னால் காயப்போட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு என்று சுலோசனா அறிவித்தாள். அறிவித்ததே தவறு, அதற்கும் வாக்கெடுத்திருக்க வேண்டும் என்று சிவலிங்கம் சுட்டிக்காட்டினார். மாலை ஆறு முதல் எட்டுவரை டிவி ஓடலாம் என்ற தீர்மானம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. அலமாரிப் பிரதி இதையெல்லாம் தவறாமல் எழுதியது. மே மாதம் ‘இடைக்கால ஏற்பாடு’ என்று ஓர் அத்தியாயம் முளைத்தது. ‘முன்னாள் ஆட்சியாளர் அடுக்களையிலிருந்து யோசனைகள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்’ என்று அதில் இருந்தது. துர்கா பூஜைக்கு மூவருக்குமான துணிகளை அவளே எடுத்துக்கொண்டு வந்தபோது பழைய ஆட்சி நான்கு நாள் திரும்பி வந்து, ஐந்தாம் நாள் போயிற்று. முதலில் தினமும் திறந்து பார்த்தவள், பிறகு வாரம் ஒரு முறை பார்த்தாள்; பிறகு மழை பெய்கிறதா என்று ஜன்னலைப் பார்ப்பதுபோல, வேண்டும்போது பார்த்தாள்.

ஜெய்ராம் இரண்டாம் பதிப்பு ஐந்நூறு போட்டார். மறுப்புச் சொல்வதா, விளக்கம் எழுதுவதா என்று இருவரும் பத்து நாள் பேசி, கடைசியில் முதல் பக்கத்தின் அடியில், பக்கங்கள் வீட்டுக்கு வீடு மாறும், வேண்டிய பக்கம் இல்லையென்றால் வெளியே எடுத்துப்போய் வாசிக்கவும் என்று சிறிய எழுத்தில் போட்டார்கள். அதன்பின் புகார்கள் குறைந்தன. கல்யாணமான புதிதில் வாங்கிப் பார்ப்போர் அதிகம் என்று மஹாதேவன் சொன்னார்.

அடுத்த வருஷம் தமிழரசிக்குச் சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குடிபோகும்போது ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே அவள் மட்டும்தான் இருந்தாள்; அந்த வருஷக் கடைசியிலிருந்து கூட யாரோ இருப்பதாகத் தெரிந்தது. வாசலில் இரண்டு அளவுச் செருப்புகள் கிடந்தன. அது யார் என்று அவள் சொல்லவில்லை, சுலோசனா கேட்கவும் இல்லை. ஒரு ஞாயிறு மதியம் தமிழரசி டீ போட உள்ளே போயிருந்தபோது, பிரிட்ஜின் மேல் இருந்த புத்தகத்தின்மேல் சுலோசனாவின் கை போயிற்று.

“அம்மா, அது வேண்டாமே” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“உனக்குத் தமிழ் வாசிக்க வராது. என்ன எழுதியிருக்குன்னு தெரிய வேண்டாமா?”

“இங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுதான் இருக்கேன். டீக்கு இஞ்சி போடவா?”

சுலோசனா கையை எடுத்துக்கொண்டாள். அட்டையில் அவள் பெயர் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு பக்கம் புரட்டினால் போதும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இஞ்சி போட்ட டீயை வாங்கிக் குடித்தாள். சர்க்கரை அதிகமாக இருந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டாள். ஜன்னல் கண்ணாடி நடுங்க ஒரு சரக்கு வண்டி யார்டைக் கடந்து போயிற்று. தமிழரசி கடிகாரத்தைப் பார்த்து, இன்றைக்கு நேரத்துக்குப் போகிறது என்றாள். சுலோசனா இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு அங்கே போய் வருகிறாள். அந்த வீட்டில் நடப்பது என்ன ஆட்சி என்று ஜெய்ராம் ஒரு முறை கேட்டபோது, நல்ல டீ கிடைக்கிறது, மற்றது தெரியாது என்று சொன்னாள்.