மேஸ்திரியின் அடையாள அட்டை

என் கணவர் ஷவ்கி, எங்கள் மஹல்லா ஊர்ப் பஞ்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. அது ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது. காலை ஆறு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு ஆலை வாசலுக்கு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். தாமதமாக வருகிறவர்களை அங்கிருந்தே அதட்டுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடையாள அட்டை விஷயத்தில்தான் என் உயிரை வாங்கினார்.

அரசாங்க அட்டையில் தொழில் என்ற இடத்தில் 'நெசவு மேஸ்திரி' என்றிருக்கும். புதுப்பித்தால் 'பென்ஷன்காரர்' என்று போட்டுவிடுவார்கள். அதனாலேயே காலாவதியான பிறகும் அதைத் தொடவில்லை.

"ரபாப் அப்பா, பொண்ணுக்கு நிக்காஹ் வருது. போய் மாத்திட்டு வாங்க."

"மாத்துறேன்டி, நச்சரிக்காத."

"எப்போ? பேரன் பொறந்த பிறகா?"

"என்னைத் தெரியாதவன் இந்த ஊர்ல எவன்? அட்டை கேக்குறவன் மூஞ்சியப் பாக்கணும்."

பார்த்தார். வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் நிறைய ஜனம். மாப்பிள்ளையின் கையைப் பெண்ணின் தகப்பன் பற்றிக்கொள்ள, மேலே வெள்ளைக் கைக்குட்டை போடவேண்டும். அதற்கு முன் காஜியார் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஷவ்கி மேஸ்திரி, இது செத்து எட்டு மாசமாச்சே. இத வச்சு நான் எழுத முடியாது."

"நான் உயிரோடதானே இருக்கேன்?"

"அரசாங்கத்துக்கு அட்டைதான் உயிரோட இருக்கணும்."

சாட்சியாகவாவது போடுங்கள் என்று கெஞ்சினார். அதற்கும் அட்டை வேண்டுமாம். கடைசியில் இவர் தம்பி, புறா விற்கும் ஃபிக்ரி, போய் உட்கார்ந்தான். எந்த வேலையிலும் ஒரு மாதம் நிலைக்காதவன், அட்டையை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தான். கைக்குட்டைக்கு அடியில் மாப்பிள்ளையின் கையை அவன்தான் பிடித்தான். ரபாப் தன் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

யாரோ அவர் கையில் சர்பத் தட்டைக் கொடுத்திருந்தார்கள். தமியத்தா என்ற வெளியூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, "நீங்க யாரு, பள்ளிவாசல் ஆளா?" என்று கேட்டார்.

"பொண்ணோட அப்பாங்க" என்றார் இவர். "ஆலையில மேஸ்திரியா..." நிறுத்தி, தட்டைப் பார்த்தார். "பென்ஷன்காரன்."

இந்த ஒரு வார்த்தையைப் போன மாதம் அட்டை மாற்றும் அலுவலக ஜன்னலில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, மனுஷன்!