சந்தாதாரர் பெயர்

ஒரு பல் பிரஷ் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற ஆள் அவன். நாலாவது கடையில்தான் விலை குறைவு என்று தெரிந்த பிறகும், முதல் கடைக்காரன் இறங்கி வருகிறானா பார்ப்போம் என்று திரும்பிப் போவான். பஸ் டிப்போவில் உதிரி பாகங்கள் வைத்திருக்கும் ஸ்டோருக்கு அவன்தான் பொறுப்பு. அங்கே டிரைவர்களும் மெக்கானிக்குகளும் அவனுக்கு வைத்த பெயர் தராசு. அந்தப் பெயரில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. "நல்லவேளை, என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குப் பக்கத்துக் கடை மூடியிருந்துச்சு" என்று அவன் மனைவி சொல்வாள். அதையும் அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

இப்படிப்பட்டவனிடம்தான் அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கவரை நீட்டினார்.

"தம்பி, வீட்டுலயே இன்டர்நெட் போட்டுடலாமா? விலை கம்மியா இருக்கட்டும், ஆனா நல்லதா பாரு."

அண்ணியின் மகள் வேலை கிடைத்து வெளிநாடு போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் விட்டுப்போன கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடந்தது. அவள் அனுப்பும் ஈமெயிலைப் படிக்க அண்ணி தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். மெயில் பெட்டியைத் திறக்கத் தெரியாததால் கடைக்காரனே திறந்து கொடுப்பான். போன வாரம் அண்ணி படியேறும்போதே அவன், "பொண்ணுக்கு ஜுரம் விட்டுடுச்சாம்மா" என்றிருக்கிறான். மகளுக்கு ஜுரம் வந்ததே அண்ணிக்கு அப்போதுதான் தெரியும்.

"எதுக்கு அண்ணி பணமெல்லாம்?" என்றான் தராசு.

"என் பொண்ணோட லெட்டர். நான்தான் குடுக்கணும். வெச்சுக்கோ."

அண்ணன் இறந்து பதினோரு வருஷம். அண்ணி அதே பஸ் கம்பெனியின் பாஸ் கவுன்டரில் உட்கார்ந்து மகளை ஆளாக்கினார். தராசையும் ஆளாக்கியவர் அவர்தான். அவர் அந்த வீட்டுக்கு வந்தபோது இவன் ஒன்பதாம் வகுப்பு. இவனுடைய ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டது அண்ணி, இவனுக்குப் பெண் பேசப் போனது அண்ணி. கவுன்டரில் யாராவது இவனைக் காட்டி யார் என்று கேட்டால், "என் தம்பி" என்பார். விஷயம் தெரிந்தவர்கள், "கொழுந்தனார்தானே?" என்று இழுத்தால், "ரெண்டும் ஒண்ணுதான் போங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

அந்தக் கவரைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டபோதே தராசின் மண்டைக்குள் ஒரு திட்டம் உட்கார்ந்துவிட்டது. இன்டர்நெட்டையும் போட்டுக் கொடுத்து, கவரையும் அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணி வாய் பிளக்க வேண்டும்.

வேலையில் இறங்கினான். ஸ்டோரில் சாமான் கேட்டு எழுதும் பழைய இன்டென்ட் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டான். முதல் கம்பெனி படு மலிவு. ஆனால் இன்டர்நெட் கிடைக்க வீட்டுப் போன் வழியாக மோடம் கூப்பிட வேண்டிய எண் வேறு ஊரில் இருந்தது. இன்டர்நெட்டில் மிச்சம் பிடிப்பதை வெளியூர் கால் விழுங்கிவிடும். அடித்தான். இரண்டாவது கம்பெனியின் எண்ணை ஸ்டோர் போனிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு முறை போட்டுப் பார்த்தான். ஏழு முறை எங்கேஜ்டு. ஒரே ஒரு முறை கிடைத்து, மறுமுனையில் கீச்சென்று மோடம் கத்தியபோது, அவன் ரிசீவரைக் காதில் வைத்தபடி முகம் மலர்ந்து நின்றதைப் பார்த்த மெக்கானிக், "யாருப்பா, வீட்டுக்காரியா?" என்றான். அதையும் அடித்தான்.

மூன்றாவது கம்பெனி புதிது. எண் உள்ளூர், போட்டவுடன் கிடைத்தது. விலை சுமார்தான். ஆனால் நோட்டீஸின் அடியில் ஒரு வரி இருந்தது: முதல் மாதம் முழுக்க இலவசம், தொடர்ந்தால் ஆறு மாதம் பாதி விலை. தராசுக்கு அந்த வரியைத் தவிர மற்றதெல்லாம் மங்கிவிட்டது.

மறுநாள் மதியம் அந்தக் கம்பெனியின் கவுன்டரில் போய் நின்றான். கவுன்டரில் இருந்தவர் போன் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இதுல இருக்கற பேரு நீங்களா சார்?"

"எங்க அண்ணன்."

"இலவசத் திட்டம் போன் யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்கு மட்டும்தான். அவரு கையெழுத்து வேணும். முழு விலைன்னா யாரு பேர்ல வேணாலும் தரோம், இப்பவே உங்க பேர்ல போட்டுடலாம்."

முழு விலைக்குப் போதுமான பணம் சட்டைப்பையில்தான் இருந்தது. அண்ணன் இறந்துவிட்டார் என்று சொல்லவும் வாய் இருந்தது. தராசு இரண்டையும் விட்டுவிட்டு, "ஃபாரத்தைக் குடுங்க, வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்றான்.

தெரு திரும்பியதும் ஸ்கூட்டர் சீட்டில் தாளை வைத்து எழுதினான். சந்தாதாரர் பெயர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். கையெழுத்து என்ற இடத்தில் அண்ணன் போடுவதைப் போலவே கடைசி எழுத்தை இழுத்துவிட்ட ஒரு கையெழுத்து. சரிபார்ப்புக்காக மனைவி பெயர் என்று ஓர் இடம். அதில் அண்ணி பெயர். பேனா எங்கும் தயங்கவில்லை. வீட்டுக்குப் போய் வந்த நேரம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பப் போய்க் கொடுத்தான்.

இங்கே அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணன் பஸ்ஸில் டிக்கெட் செக்கர். ஓசி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர். தராசு பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு நாள் டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். நடு வழியில் ஏறியது அண்ணன். பார்க்காத மாதிரி போய்விடுவார் என்று நினைத்தான். அவர் பஸ்ஸே பார்க்க, "டிக்கெட்" என்று கை நீட்டினார். அபராத ரசீது எழுதி, தன் பையிலிருந்தே பணத்தை எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்து, ரசீதைத் தம்பி கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணிதான் சோறு போடும்போது மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்குத் தலை குனிஞ்சது நீ இல்ல தம்பி, அவரு."

அந்தப் போனும் அண்ணன் நாலு வருஷம் காத்திருந்து வாங்கியது. மணி அடிக்கத் தொடங்கி ஐந்தே மாதத்தில் அவர் போய்விட்டார். பெயரை மாற்ற வேண்டும் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. மாதா மாதம் பில் அவர் பெயருக்கே வரும். அண்ணி மடிப்பை நீவிக் கோப்பில் வைப்பார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் அடித்தது. அண்ணி கூடத்தில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தராசு எடுத்தான். ஒரு பெண் குரல் கம்பெனி பெயரைச் சொல்லி, இனிஷியலோடு அண்ணன் பெயரையும் சொல்லி, "சார்தானே பேசறது?" என்றது.

இப்படிப் போன் செய்து கேட்பார்கள் என்று அவன் நினைக்கவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"ம்."

"சரியா கேக்கல சார். அவர்தானே பேசறது?"

"ஆமாங்க. நான்தான் பேசறேன்."

"லைன் ஆக்டிவேட் பண்றதுக்கு முன்னாடி உங்க பேரை ஒரு தடவை முழுசா சொல்லிடுங்க சார்."

அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை. இவனுக்கு அண்ணன், அண்ணிக்கு அவரு, மகளுக்கு அப்பா. பெயர் பில்லில் மட்டும்தான் இருந்தது. தராசு அதைச் சொன்னான். முதுகுக்குப் பின்னால் துணி மடிக்கும் சத்தம் நின்றது.

"உங்க மனைவி பேரு சார்?"

போனை வைத்திருக்கலாம். ராங் நம்பர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தராசுக்குள் இருந்த தராசு, இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ஒரே ஒரு கேள்விதான் என்றது. முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் உச்சரித்திராத பெயரை, தாயாருக்குச் சமமாக வைத்திருந்தவரின் பெயரை, அவர் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, தன் மனைவியின் பெயராகச் சொன்னான்.

"நன்றி சார். பத்து நிமிஷத்துல லைன் வந்துடும்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்ப அவனுக்குக் கழுத்து வரவில்லை. சமையலறை வாசலில் அவன் மனைவி கரண்டியோடு நின்றிருந்தாள். அண்ணி மடித்துக்கொண்டிருந்தது அவனுடைய சட்டையைத்தான். கையை உள்ளே மடக்கி, காலரை நீவி, அடுக்கின் மேல் வைத்தார்.

"லைன் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க அண்ணி."

"சரி."

அந்தச் சரிக்குப் பின்னால் எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் தம்பி வரவில்லை. அறைக்குள் போனதும் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு, "எப்படிங்க வாய் வந்துச்சு?" என்றாள். உடம்பெல்லாம் கூசியது. பஸ்ஸில் கையில் ரசீதோடு நின்ற அன்றுகூட இப்படிக் கூசியதில்லை. அன்று வெட்கம் மற்றவர்கள் பார்த்ததால் வந்தது. கவர் சட்டைப்பையிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்து வாய் பிளக்க வைக்கும் யோசனை எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

இன்டர்நெட் என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தது. மறுநாள் அண்ணி சொல்லச் சொல்ல, அவருடைய மகளுக்கு அவன் முதல் ஈமெயிலைத் தட்டினான். கம்பெனி சந்தாதாரர் பெயரிலேயே ஒரு ஈமெயில் முகவரி போட்டுக் கொடுத்திருந்தது. அனுப்பும் பட்டனை அழுத்திய பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கு உறைத்தது. அடுத்த நாள் பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். அண்ணி திரைக்குப் பக்கத்தில் குனிந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"சித்தப்பா, பெட்டியைத் திறந்தா அப்பா பேர் நிக்குது. ஆபீஸ்ல எல்லாரும் இருந்தாங்க, எழுந்து வெளிய போயிட்டேன். வேற பேர்ல அனுப்புங்க, ப்ளீஸ்."

அண்ணி படித்து முடித்தார். "ஜுரம் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவன் அன்றே தன் பெயரில் ஒரு இலவச முகவரி உண்டாக்கி, அதிலிருந்து அனுப்பத் தொடங்கினான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தான். காலையில் அண்ணி வேலைக்குக் கிளம்பும்போது அவசரம். சாயங்காலம் வந்தால் களைப்பு. இப்படிக் காரணங்களையும் அவன் எடை போட்டு எடை போட்டே ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதமும் அண்ணி அவனோடு எப்போதும் போலப் பேசினார், தம்பி என்று மட்டும் கூப்பிடாமல்.

மாதம் முடிந்த அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே போன் அடித்தது. அண்ணி எடுத்தார்.

"யாருங்க? ... ஆமா, இந்த வீடுதான்."

தராசு ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றான்.

"அவரு இல்லைங்க. இறந்து பதினோரு வருஷம் ஆச்சு." கொஞ்ச நேரம் அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்குப் பேசினது அவரு இல்லைங்க. அவரு இருந்திருந்தா ஓசியில வாங்கியிருக்க மாட்டாரு. ... சண்டைக்கெல்லாம் வரலம்மா, நீ உன் வேலையைத்தானே பாத்தே? அந்த ஒரு மாசத்துக்கும் சேத்து முழு விலையா போட்டுக்கோ. அந்தப் பாதி விலையும் வேணாம். என் பேர்ல எழுதிக்கோ."

அண்ணி தன் பெயரைச் சொன்னார். நிதானமாக, அந்தப் பெண் எழுதிக்கொள்ள நேரம் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தராசு சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு மாத வியர்வையில் அதன் ஓரம் கசங்கியிருந்தது. அண்ணி அவனைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணி" என்றான்.

போனில் அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்டாள்.

"கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதும்மா. ஏதாவது விவரம் வேணும்னா வீட்டுல ஒருத்தர் இருக்காரு, அவரைக் கேட்டுக்கோ. ... உறவா?"

அண்ணி அவன் முகத்தை நேராகப் பார்த்தார். அதில் கோபமில்லை.

"என் வீட்டுக்காரரோட தம்பி" என்றார்.