வாண்டில் ஆற்றில் கால் நனைத்தல்

தவநாயகி அழுதால் வீட்டுக் குழாய்கள் தாமாகத் திறந்துகொள்ளும்.

1989 இல், தம்பி பரமேஸ்வரன் காணாமல் போன செய்தி சொந்த ஊரான கொக்குவிலிலிருந்து வந்த அன்றுதான் அது தொடங்கியது. லண்டனின் மோர்டனில் அவள் இருந்த கவுன்சில் வாடகைப் பிளாட்டின் குளியல் தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டுக் கூரையெல்லாம் ஊறிச் சொட்டியது. கவுன்சில் ஆள் வந்து குழாய்களைத் தட்டிப் பார்த்தான், வாஷரை மாற்றினான், போனான். சில வாரங்களில் திரும்பவும் வந்தான். பிறகொரு முறை வந்தபோது ஒழுக்கு எங்கேயும் இல்லை என்று சொல்லி, அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு தவநாயகி அழாமல் இருக்கப் பழகினாள். அது லேசான காரியமாக இருக்கவில்லை. பரமேஸ்வரன் பால்குடி மறந்த கையோடு தாய் இறந்துபோனாள். பள்ளிக்கூடம் முடித்திராத தவநாயகிதான் அவனைக் குளிப்பாட்டி, உணவூட்டி, கணக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தாள். அவனுக்காகத் தன் கலியாணத்தைத் தள்ளிப் போட்டாள். பிறகு அந்தப் பேச்சே இல்லாமல் போயிற்று. எண்பத்துநாலில் லண்டனுக்கு வந்து முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்ததும் அவனைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்றுதான். அவன் காதலித்துக் கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டான். ஒரு காலையில் மருந்துக்கடைக்கென்று சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை.

அடுத்த வருடம் அவனுடைய மனைவி சுலோச்சனாவைத் தவநாயகி லண்டனுக்கு எடுப்பித்துத் தன்னோடு வைத்துக்கொண்டாள். சுலோச்சனா பொட்டும் தாலியுமாக வந்தாள். புருஷன் எங்கோ ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார், விடுவார்கள், வருவார் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. முதல் குளிர்காலத்தில் அவள் செய்த முதல் காரியம், பழைய உடுப்பு விற்கும் கடையில் ஆண்கள் அணியும் தடித்த கோட் ஒன்றை வாங்கி வாசல் கொழுக்கியில் மாட்டியதுதான். எயர்போர்ட்டில் இறங்கியதும் அவருக்குக் குளிருமே என்றாள். அன்று தவநாயகி வேலைக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னல்களில் உள்பக்கமாக நீர் வழிந்தது.

அவளுக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஜம்புநாதன். கும்பகோணத்துக்காரர், சுரங்க ரயில் பாதைகளில் ஊறும் நீரை இறைக்கும் பகுதியில் வேலை பார்த்தார். உடுப்புத் தோய்க்கும் கடையில் அவள் உட்கார்ந்திருந்தபோது வரிசையில் இருந்த மெஷின்கள் எல்லாம் ஒன்றாகப் பொங்கின. ஜம்புநாதன் எழுந்து வந்து ஒரு மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்தார். நீர் அடங்கிற்று. பிறகு அவளுக்கு அருகே உட்கார்ந்து, எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார்.

லண்டனில் நீர்மந்திரக்காரரின் சபை ஒன்று இருப்பது அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. இந்த நகரத்தின் கீழே எத்தனையோ ஆறுகள் மூடிப் புதைக்கப்பட்டுக் கிடக்கின்றன. அவை நிலவறைகளுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் ஏறாமல் கட்டி வைப்பது சபையின் வேலை. இந்த வரம் எந்த ஊர்க்காரருக்கும் வரலாம். ஆனால் கட்டப்படாத வரம் பெருகிக்கொண்டே போகும், ஒருநாள் ஆளைக் காயப்படுத்தும். அதைக் கட்டுவதற்குச் செய்யும் சடங்குதான் கால் நனைத்தல். வருடா வருடம் மார்ச் மாதத்தில், குளிர்கால வெள்ளம் வடிந்த பிறகு, வாண்டில் ஆற்றில் நடக்கும். புதிதாகச் சேருகிறவர் ஆற்றில் இறங்கி, இறந்துபோன ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவருக்கு மட்டும் பதில் கேட்கும். கேட்ட கணத்தில் உடம்பிலிருக்கும் வரம் அடங்கிக் கட்டுக்குள் வரும். உயிரோடு இருப்பவரைக் கூப்பிட்டால் பதில் வராது. அடுத்த வருடம் திரும்ப வர வேண்டும்.

யாரைக் கூப்பிடப் போகிறாள் என்று ஜம்புநாதன் கேட்டார். ஐயாவை என்றாள் தவநாயகி. அவளுடைய தகப்பனார், எழுபத்தெட்டாம் ஆண்டில் நித்திரையிலேயே போனவர், நிறைவாக வாழ்ந்தவர்.

ஜம்புநாதன் தலையை அசைத்து மறுத்தார்.

“வாய் சொல்ற பேரை ஆறு கேக்காதும்மா. உள்ளுக்குள்ள யார் முன்னாடி நிக்கிறாங்களோ அவங்களைத்தான் அது தேடும். இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க கால் நனைச்சதுக்கு அப்புறம் உங்க மனுஷங்க கையப் பிடிச்சு ஆத்துல எறக்கி அவங்களையும் கூப்பிட வைக்கலாம். ஆனா செத்தவங்க ஒரே தடவைதான் பதில் சொல்வாங்க. யார் கூப்பிட்டாலும் சரி, ஒரே தடவை.”

தவநாயகி ஈர உடுப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். தனக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்து வந்த மார்ச்சில் அவள் ஆற்றுக்குப் போகவில்லை. தொண்ணூற்றிரண்டு தைமாதத்தில், ஈஸ்ட் ஹாமுக்குச் சாமான் வாங்கப் போன சுலோச்சனா ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். அங்கே நாட்டின் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் பரமேஸ்வரனைப் போல ஒருவரைக் கண்டதாகக் கடையில் யாரோ சொன்னார்களாம். தவநாயகி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சுலோச்சனா பின்னால் வந்து தோளைப் பிடித்து, “மச்சாள், இருக்கிறாராம்” என்றாள். தவநாயகி அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே கணத்தில் பொங்கியது. பானைக்குள் இருந்த கொதிநீர் எழுந்து சுலோச்சனாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும்போது சுலோச்சனா, பானையைத் தட்டிவிட்டது தன் கைதான் என்று நேர்ஸிடம் சொன்னாள். அவளுக்குக் கொஞ்ச நாளாகவே விஷயம் தெரியும் என்பது அப்போதுதான் தவநாயகிக்கு விளங்கியது. அந்தக் கிழமையே ஜம்புநாதனுக்குப் போன் செய்து தான் வருவதாகச் சொன்னாள்.

மாசி முழுவதும் ஐயாவை நினைக்கப் பயிற்சி செய்தாள். அவருடைய சுருட்டு மணம், குடையைக் கதவின் பின்னால் சாத்தி வைக்கும் விதம், செருமல். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஐயா, ஐயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அதையும் மீறித் தம்பியின் முகம் முன்னால் வந்து நின்றால், சரி, வரட்டும், அவன் உயிரோடு இருந்தால் பதில் வராதே, அதுவும் நல்ல செய்திதானே என்று ஒரு எண்ணம் எழும். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சுலோச்சனாவிடம் சடங்கைப் பற்றிச் சொன்னவள், ஆறு யாரைத் தேடும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சடங்கு நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை லேசான வெயில் இருந்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் நாய்களோடு நடந்தவர்கள் யாரும் சபையாரைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. வேல்ஸிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், கானாக்காரப் பஸ் ட்ரைவர் ஒருவர், இன்னும் பலர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்றார்கள். அந்த வருடம் புதிதாகச் சேர இருந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவள் மன்னாரைச் சேர்ந்த பியற்றிஸ், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். பாதரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னாள். பாதர் என்ன சொன்னார் என்று சொல்லவில்லை.

ஜம்புநாதன், புதைந்த ஆறுகளிலிருந்து எடுத்து வந்த நீரை ஒரு செம்பிலிருந்து அவர்கள் தலையில் ஊற்றினார். சபையார் இரு கரையிலும் நின்று ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். கூப்பிடுகிறவரின் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பது முறை. சுலோச்சனாவும் துவாயையும் தேநீர்ப் பிளாஸ்கையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

பியற்றிஸ் முதலில் இறங்கினாள். “அம்மா” என்று அவள் கூப்பிட்டது கேட்டது. பிறகு ஒரே அமைதி. சிரிப்பும் அழுகையுமாக ஏறி வந்தவள் தவநாயகியின் கையைப் பிடித்து, “பேசினவ அக்கா. இன்னும் ஏன் தலை சீவி இழுக்கேல்லை எண்டு பேசினவ” என்றாள்.

தவநாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நீர் எலும்புவரை குளிர்ந்தது. கண்ணை மூடி ஐயாவின் குடையை நினைத்தாள், சுருட்டை நினைத்தாள். “ஐயா” என்றாள்.

ஆற்றின் ஓட்டம் நின்றது. மிதந்து வந்த ஓர் இலை அவளுடைய கணுக்காலுக்கு முன்னால் வந்து அப்படியே நின்றது.

“அக்கா” என்று ஒரு குரல் கேட்டது. தடிமன் பிடித்தது போன்ற குரல். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அப்படித்தான்.

“அக்கா, நீயோ. சுலோ கூப்பிடுவாள் எண்டெல்லோ நான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அவ்வளவுதான். தவநாயகி அவன் பெயரைச் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். இலை நகர்ந்து போயிற்று. அவளுக்குள் மூன்று வருடமாகப் பொங்கிக்கொண்டிருந்தது, பால் குடித்த குழந்தை மடியில் நித்திரையாவது போல, மெல்ல அடங்கிற்று. அவள் அழுதாள். ஆறு தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இனி எவ்வளவு அழுதாலும் ஒரு துளி நீரும் அசையாது.

சபையார் திரும்பி, ஒவ்வொருவராக ஈரக் கையால் அவளுடைய நெற்றியைத் தொட்டு வாழ்த்தினார்கள். ஜம்புநாதன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றார். சுலோச்சனா துவாயால் அவளைப் போர்த்தி, முதுகைத் தேய்த்துவிட்டபடியே, ஐயா என்ன சொன்னவர் என்று கேட்டாள்.

“தண்ணி குளிரெல்லோ எண்டு கேட்டவர்” என்றாள் தவநாயகி.

பிறகு வந்த மாதங்களில் சபை கொடுத்த வேலைகளைச் செய்தாள். வெள்ளம் ஏறிய நிலவறைகளில் நின்று நீரைத் திருப்பி அனுப்பினாள். இவ்வளவு கைப்பக்குவம் உள்ளவர் சபைக்கு வந்து வெகு காலம் என்று வேல்ஸ் டீச்சர் சொன்னார். வீட்டிலோ அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பாள். சுலோச்சனா கோட்டின் தோளில் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் அந்த நாளைக்கும் தள்ளிப் போகும்.

ஆவணியில் சுலோச்சனா கொழும்புக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். முகாம் முகாமாகப் போய்த் தேடப் போவதாகச் சொன்னாள். போனால் திரும்ப இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், அங்கே இறங்கியதும் பிடித்துக்கொண்டு போனாலும் போவார்கள் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கட்டிலில் சூட்கேசைத் திறந்து வைத்துப் பரமேஸ்வரனின் சேட்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தவநாயகி வாசலில் வந்து நின்றாள்.

“சுலோ, போகாதை. ஆத்திலை பேசினது ஐயா இல்லை.”

சுலோச்சனாவின் கை சேட்டின் மேல் அப்படியே நின்றது. பிறகு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன சொன்னவர்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ.”

தவநாயகி சொன்னாள். சுலோச்சனா இன்னொருதரம் சொல்லச் சொன்னாள், தவநாயகி திரும்பவும் சொன்னாள்.

“சுலோ எண்டோ சொன்னவர், சுலோச்சனா எண்டோ?”

“சுலோ எண்டு.”

சுலோச்சனா தலையை ஆட்டினாள். இறந்தவர் ஒரே தடவைதான் பதில் தருவார் என்பது அவளுக்கும் தெரியும். சடங்கைப் பற்றிச் சொல்லும்போது தவநாயகியே சொன்னதுதான்.

“அப்ப இனி நான் கூப்பிட்டாலும் வரமாட்டார், என்ன?”

“மாட்டான்.”

“என்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவர், மச்சாள். அந்த ஒரு தரத்தையும் நீங்கள் எடுத்துப்போட்டு, இவ்வளவு நாளும் எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்துகொண்டு இருந்தியள்.”

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தவநாயகிக்குத் தாங்கிக்கொள்ள ஏதாவது வழி இருந்திருக்கும். அன்றே சுலோச்சனா அந்தச் சூட்கேசை எடுத்துக்கொண்டு தோர்ண்டன் ஹீத்தில் இருந்த ஒன்றுவிட்ட அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டாள். கொழும்புக்குப் போகவில்லை. கோட் வாசலிலேயே தொங்கியது. போன் செய்தால் அக்காதான் எடுப்பாள். சுலோ ஷிப்டுக்குப் போய்விட்டாள் என்பாள். தவநாயகி ஆற்றுக்குப் போய் நிற்பதும் உண்டு. அங்கே அவளுக்குச் சொல்வதற்கு ஆற்றிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்குமேல் இப்படியே போயிற்று. தொண்ணூற்றுநாலு ஐப்பசியில் ஒரு காலை சுலோச்சனாவே போன் செய்தாள். இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்யப் போவதாகவும், உடம்பு இல்லாதபடியால் ஐயர் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம் என்று சொன்னதாகவும் சொன்னாள்.

“சாம்பலைத் தேம்ஸ் கடலோடை சேருற இடத்திலை விடப் போறம். நீங்கள் வரோணும். தண்ணி உங்கடை சொல்லுக் கேக்கும்.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் ஏறிக்கொண்டிருந்தது. போடுவதையெல்லாம் கரைக்கே திருப்பிக் கொண்டுவரும் நேரம். சுலோச்சனா நெற்றியில் பொட்டில்லாமல், வெள்ளைச் சேலைக்கு மேல் சுவெட்டரோடு நின்றாள். கையில் வெந்த தழும்பு வெளிறிப் போயிருந்தது. சாம்பல் சட்டியைக் கவிழ்த்தாள். சாம்பல் அவளுடைய காலைச் சுற்றியே மிதந்தது. தவநாயகி குனிந்து உள்ளங்கையை நீரில் வைத்து வழி கேட்டாள். அலைகளுக்கு எதிராக ஊர் ஒழுங்கை போல ஒடுங்கிய வழி விட்டு நீர் பிரிந்து, சாம்பலை மெதுவாக எடுத்துக்கொண்டு வெளியே போயிற்று.

அது கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அவருக்கு நீந்தத் தெரியாது” என்றாள் சுலோச்சனா.

“ஓம். நான்தான் விடேல்லை. கேணிப் பக்கமே விடமாட்டன்.”

சுலோச்சனா முகத்தைச் சேலைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு அழுதாள். தவநாயகி கையை நீரிலிருந்து எடுக்கவில்லை. சாம்பல் ஆழத்துக்குப் போய்ச் சேரும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள். விரல்கள் மரத்துப் போயின. அப்படியும் எடுக்கவில்லை.