நிஷாவின் இடது கால்

எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் மகள் நிஷாவின் இடது கால் விஷயத்திலும் அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை, தூக்கக் கலக்கத்தில் இருந்த இரண்டு வயது நிஷாவை, பகலில் பார்த்துக்கொள்ளும் ஜமீலாக்காவிடம் கொடுத்துவிட்டு நானும் கணவன் ஜெகதீஷும் ஆபீஸ் போனோம். கொஞ்ச நேரத்தில் அக்கா போன் செய்தார். குழந்தை காலை ஊன்றவே மாட்டேன் என்கிறாளாம்.

அம்பத்தூர் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே திரும்பினோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார் அக்கா. சுற்றிலும் ஃப்ளாட்காரர்கள். ஜெகதீஷ் எடுத்த எடுப்பில், "கீழ போட்டுட்டு மறைக்கிறீங்களா? நாளையிலிருந்து வேலைக்கு வராதீங்க" என்றான். அக்காவின் முகம் செத்துப்போனது. அவர் வீட்டில் அடுப்பெரிவதே இந்தச் சம்பளத்தில்தான்.

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். வீக்கமில்லை, காயமில்லை. உட்கார வைத்தால் சிரிக்கிறாள், நிற்க வைத்தால் அலறுகிறாள். எதிர் ஃப்ளாட் வசந்தகுமாரி ஆன்ட்டி, சுளுக்குத்தான் என்று உருவிவிட எண்ணெயோடு வந்தார். அக்கா விடவில்லை. காலைத் தலையணை மேல் அசையாமல் வைத்தார். நான் தொடையிலிருந்து மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தேன். முட்டி வரை சிரித்தவள், அதற்குக் கீழே முன்னெலும்பில் விரல் பட்டதும் வீறிட்டாள். வலது காலில் அதே இடத்தைத் தொட்டால் ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

நிஷா அக்காவின் கையை விடாததால் அவரும் வந்தார். எக்ஸ்ரேயில் முடி கனத்துக்குச் சாய்வாக ஒரு கோடு. "இவளை யாராவது மடியில வெச்சுக்கிட்டு சறுக்குமரத்துல சறுக்கினீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தனியாகச் சறுக்கும் குழந்தைக்குக் கால் ஓரத்தில் சிக்கினால் அங்கேயே நின்றுவிடும். பெரியவர் மடியில் இருந்தால் அவர் எடை இழுத்துக்கொண்டு போகும், சிக்கிய கால் முறுக்கிக்கொண்டு எலும்பு விரிசல் விடும் என்றார். சேர்ந்தால் பாதுகாப்பு என்றல்லவா நான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

ஞாயிறு மாலை பார்க்குக்குக் கூட்டிப் போனவன் ஜெகதீஷ். மடியில் வைத்துச் சறுக்கி முடித்ததும் அழுதாளாம், வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டே வந்தானாம். வழியிலேயே அவன் தோளில் தூங்கிப்போனவள் காலையில்தான் கண் விழித்தாள்.

கால் முழுக்க மாவுக்கட்டு போட்டார்கள். வராந்தாவில் ஜெகதீஷ் தாழ்ந்த குரலில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டான். அக்கா அவனைப் பார்க்கவே இல்லை.

"லிஃப்டாண்ட நாலு பேரு கேக்க சொன்னீங்க சார். அங்கயே வந்து சொல்லுங்க."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீடு திரும்பியதும் அவன் நேராகப் போய் எதிர் ஃப்ளாட் மணியை அடித்தான். வசந்தகுமாரி ஆன்ட்டி கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் எல்லாரையும் கூப்பிடுங்க ஆன்ட்டி," என்றான். "குழந்தை கால ஒடச்சது நான்தான்."