ஒரு நாளுக்கு ஒரு கேசட்

"ஏனுங்க தம்பி, இனிமேல் நான் கேசட் மாத்த வேண்டியதில்லீங்களா?"

"வேண்டாங்க்கா. பழைய மெஷின்ல ஒரு கேசட்டு மூணு மணி நேரந்தான். இதுல ஒரு நாள் முழுக்க. விட்டு விட்டுப் படம் புடிச்சு அடக்கிரும்."

சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் சேகர் வயரைச் செருகிக்கொண்டே சொன்னான். செல்வமேரி அப்போதே செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

நாகலூர் பக்கத்து எஸ்டேட் அது. காயப்போட்ட காப்பிக்கொட்டை குறைகிறது என்று களத்துக்கு மேலே கேமரா மாட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. எட்டாவது படித்தவள், கேசட்டின் மேல் தேதி எழுதுவாள் என்று, களத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த செல்வமேரியை டிவிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஈரம் பட்டால் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும் என்று அந்த அறை ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து களத்துப் பெண்கள் அவளோடு பேசுவதில்லை. அவள் அந்தப் பக்கம் போனால், "கேமரா நடந்து வருது, முந்தானையச் சரி பண்ணுங்கடி" என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நான் களத்துக்குப் போறனுங்க ரைட்டரே."

"எங்க போற?" என்றார் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் மாதேஸ்வரன். "மெஷின் தானாப் புடிக்கும். பார்க்கறதுக்கு ஆள் வேண்டாமா? நேத்து நடந்தத ஓட்டுனா மூணு மணி நேரத்துல முடிஞ்சிரும். குடோனுக்கும் இன்னைக்கே ஒரு கேமரா மாட்டறாங்க. காலையில ஒரு கேசட்டு, மத்தியானம் ஒண்ணு. உனக்கு நொம்ப சௌகரியம்."

போன வருஷம் குடோனில் வேலை பார்த்த காளியாயி கொட்டை மூட்டையில் கை வைத்தாள் என்று அவளைக் களத்துக்கு மாற்றினார்கள், கேமராவுக்குக் கீழேயே இருக்கட்டும் என்று. அது செல்வமேரியின் நினைவுக்கு வந்தது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் களத்துக்குப் போனாள். கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து இரண்டு கை கொட்டையை மடியில் அள்ளிக் கட்டினாள்.

"ஏக்கா, கிறுக்குப் புடிச்சிருச்சா? மேல பாரு!" என்று கத்தினாள் அத்தாயி. ஒன்றரை வருஷத்தில் களத்துப் பெண் ஒருத்தி அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"பார்த்துட்டுத்தான் அள்ளுறேன்."

சாயங்காலம் வரை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் காலை கேசட்டை ஓட்டியபோதுதான் அவளுக்கு உறைத்தது: இதைப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.

ரைட்டர் எட்டிப் பார்த்தார். "நேத்து ஏதாச்சும் உண்டா?"

"உண்டுங்க. ஒருத்தி மடியில கட்டுறா."

"அட! யாரு அவ?"

"நாந்தானுங்க."

அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து இரண்டு முறை ஓட்டச் சொன்னார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மெஷினச் சோதிச்சுப் பார்த்தியா? எங்களுக்குத் தோணாமப் போச்சே!"

"இல்லீங்க. திருட்டுங்க. களத்துக்கு மாத்திருங்க."

"தன்னையே காட்டிக்குடுக்கற ஆள வேற எங்கம்மா நான் தேடுவேன்? முதலாளிகிட்டச் சொல்றேன். நீ இருக்கற வரைக்கும் இந்த ரூம்பு உனக்குத்தான்."

மூடுபனி உள்ளே வராமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

செல்வமேரி கேசட்டைப் பின்னால் ஓட்டினாள். ஒரு படத்தில் அத்தாயி வாயைத் திறந்து அவளைப் பார்த்துக் கத்துகிறாள். அடுத்த படத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் ஒன்றுமில்லை. முதல் படத்திலேயே நிறுத்திப் பார்த்தாள். அது நிற்காமல் நடுங்கியது.

குடோன் கேசட் இன்னும் பாக்கி இருந்தது.